இடமாற்றத்துக்குப் பிறகு ஓட மனம் வரவில்லை. மீண்டும் தொடங்குவது எப்படி?

கேள்வி: கடற்கரைக்காரி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. அரசு வங்கி ஒன்றில் பணிபுரிகிறேன். திருவான்மியூரில் குடியிருந்த காலத்தில், வாரத்தில் நான்கு நாள்கள் விடியுமுன் எழுந்து பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குச் சென்று, அங்கே கூடும் ஓட்டக்குழுவினருடன் ஓடிவிட்டு ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் (அரை மாரத்தான்) பிரிவில் ஓடி முடித்தும் இருக்கிறேன். ஓட்டம் எனக்குப் புதிதல்ல என்பதைத் தெரிவிக்கவே இதைக் குறிப்பிடுகிறேன்.

சென்ற ஆண்டு பதவி உயர்வுடன் பாளையங்கோட்டைக்கு மாறுதல் வந்தது. வீடு பார்த்து, சாமான்களை இறக்கி, மகனைப் பள்ளியில் சேர்த்து முடிப்பதற்குள், எங்களுடன் இருக்கும் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. கணவருக்குச் சென்னையில் வேலை என்பதால் வார இறுதியில்தான் வருவார். ஆகவே பல மாதங்கள் மருத்துவமனை, வங்கி, அடுப்படி என்றே கழிந்தன. அப்போது ஓட்டத்தைப் பற்றி நினைக்கவும் நேரமில்லை. அது குறித்து வருத்தமும் இல்லை.

என் குழப்பம் அதற்குப் பிந்தையது. இப்போது அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாமாகவே நடமாடுகிறார். மகன் ஏழரை மணிக்குத்தான் எழுகிறான். காலையில் ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கிறது. ஆனால் ஓட மனம் வரவில்லை. அலாரம் அடிக்கிறது, அதை நிறுத்திவிட்டு, இன்று போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே படுத்திருக்கிறேன், யோசித்து முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் வரும் நேரம் ஆகிவிடுகிறது. மனத்தைத் தேற்றிக்கொண்டு கிளம்பிய ஒன்றிரண்டு நாள்களிலும் மூன்று கிலோமீட்டரை ஓடி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கியது. போதாக்குறைக்குக் கைப்பேசியில் உள்ள செயலி, சென்ற ஆண்டு இதே தூரத்தை எத்தனை நிமிடத்தில் ஓடினேன் என்று எடுத்துக் காட்டுகிறது. தெருமுனைத் தேநீர்க் கடையில் நின்ற பெரியவர் ஒருவர், நான் ஓடி வருவதைக் கண்டு, “யாருக்கும் மேலுக்குச் சுகமில்லையா தாயி?” என்று பதறிக் கேட்டார். சிரிப்பும் வந்தது; மறுநாள் அந்தத் தெரு வழியாகப் போகக் கூச்சமாகவும் இருந்தது.

ஆர்வம் தானாகத் திரும்பும் வரை காத்திருப்பதா? ஏதேனும் ஒரு போட்டிக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டால் உந்துதல் வருமா? இழந்த உடல்திறன் திரும்ப எவ்வளவு காலம் ஆகும்? அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: நெடுஞ்சாலை

வணக்கம் சகோதரி. காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சென்னையில் நீங்கள் ஓடிய நாள்களில், காலையில் எழுந்ததும் ‘இன்று போகலாமா’ என்று உங்களையே கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள். குழு காத்திருக்கும், பாதை கால்களுக்குப் பழகியிருக்கும், திரும்பி வரும் நேரம் வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஏற்பாடுகளே உங்களை வெளியே அழைத்துச் சென்றன. ஆர்வத்துக்கு அங்கே பெரிய வேலை இருந்திராது. பாளையங்கோட்டையில் அந்த ஏற்பாடுகளில் ஒன்றும் இல்லை என்பதால், ஒவ்வொரு விடியலிலும் புதிதாக ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அப்படி முடிவெடுக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் படுக்கைக்குச் சாதகமாகத்தான் முடிவெடுப்பார்கள்.

இதை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். வெண்டி வுட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வேறொன்றுக்கு மாறிய மாணவர்களின் உடற்பயிற்சி, செய்தித்தாள் வாசிப்பு, தொலைக்காட்சி பார்த்தல் ஆகிய பழக்கங்களை ஆராய்ந்து 2005-இல் கட்டுரை வெளியிட்டனர். புதிய இடத்தில் சூழல் பழையபடியே அமைந்தவர்களிடம் பழக்கம் தொடர்ந்தது. சூழல் மாறியவர்களிடம் வேரூன்றிய பழக்கமும் தன் பிடியை இழந்து, அவரவர் எண்ணத்தைச் சார்ந்து நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது. உங்களுக்கு நேர்ந்திருப்பது ஏறத்தாழ இதுவே. இதைச் சோம்பல் என்று எண்ணி உங்களை நீங்களே கடிந்துகொள்வதில் பொருளில்லை.

ஆகவே புதிய ஏற்பாடு ஒன்றை அமைக்க வேண்டும். அலாரத்தை நம்புவதைவிட, இப்போதைய வீட்டில் நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு செயலைப் பிடித்துக்கொள்வது நல்லது. உதாரணமாக, அம்மாவுக்குக் காலையில் காபி கொடுப்பீர்கள் அல்லவா? காபியைக் கொடுத்துவிட்டு அதே கையோடு ஷூவை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களுக்குத் தூரமும் வேகமும் கணக்கிலேயே வரக்கூடாது. தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பினாலும் அன்றைய கணக்கு நேரானதாகவே கொள்ளலாம்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர இடைநிலை அளவாக 66 நாள்கள் ஆயின. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாள்களிலிருந்து 254 நாள்கள் வரை வேறுபட்டது. ‘21 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் கணக்கைப் பிடித்துக்கொண்டு 22-ஆம் நாளில் மனமுடைந்து போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்ததுதான்.

போட்டிக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். தேதி நெருங்க நெருங்கப் பயிற்சிக் குறைவு உறுத்தத் தொடங்கும். அந்த உறுத்தலே ஓட்டத்தின் மீது வெறுப்பாக மாறிவிடக்கூடும்.

பதில் 2: மதுரை இயன்முறை

நான் இயன்முறை மருத்துவர். நெடுநாள் இடைவெளிக்குப் பிறகு ஓட வருபவர்களை அடிக்கடிப் பார்க்கிறேன். உடல்திறன் குறித்த கேள்விக்கு மட்டும் பதிலளிக்கிறேன்.

பயிற்சியை நிறுத்தினால் உடலில் என்ன நடக்கிறது என்பதை எட்வர்ட் காயில் குழுவினர் 1984-இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். நன்கு பயிற்சி பெற்றிருந்த ஏழு பேர் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பயிற்சியை முழுதும் நிறுத்தியபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் முதல் மூன்று வாரங்களில் 7 விழுக்காடும், எட்டு வாரங்களில் 16 விழுக்காடும் குறைந்து, அதன்பின் பெரிதாகச் சரியாமல் நின்றது. தொடக்கத்தில் ஏற்படும் இறக்கத்துக்கு முதன்மைக் காரணம், உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு குறைந்து, இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தமும் குறைவதே. அதனால்தான் பழைய வேகத்தில் ஓடினால் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கான பயிற்சியால் தசைகளுக்குள் உருவான நுண்குழாய்களின் அடர்த்தி அந்த மூன்று மாதங்களில் குறையவே இல்லை. உங்கள் இடைவெளி இதைவிட நீண்டது. இருந்தாலும் ஓட்டமே அறியாத ஒருவரின் நிலைக்கு நீங்கள் போய்விடவில்லை.

எனக்குக் கவலை தருவது இதற்கு அடுத்த கட்டம். இதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். குதிகால் தசைநாணும் முழங்கால் கீழெலும்பும் சுமைக்குப் பழக அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். முன்பு ஓடியவர்கள், மூச்சு இடம்கொடுக்கிறதே என்று இரண்டாம் மாதத்தில் தூரத்தைக் கூட்டிவிட்டு, கெண்டைக்கால் வலியோடு எங்களிடம் வருவது வழக்கம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர்களுக்கு அவசரப்படும் அளவுக்குப் பழைய நினைவு ஏதும் இல்லை.

ஆகவே நடையும் ஓட்டமும் கலந்து தொடங்குங்கள். ஓட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஜோஷ் கிளார்க் 1996-இல் வகுத்த, இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் ஒன்பது வாரத் திட்டத்தின் முதல் வாரம் எப்படி இருக்கும் தெரியுமா? ஐந்து நிமிட நடைக்குப் பிறகு 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடங்கள். வாரத்துக்கு மூன்று நாள்கள் மட்டும். ‘அரை மாரத்தான் ஓடிய எனக்கா இது’ என்று தோன்றலாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, அனுபவசாலிகளுக்கும் இடையிடையே நடக்கும் முறையைத்தான் வலியுறுத்தினார். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. ஓரிரு வாரங்களில் இது மிக எளிதாகத் தோன்றினாலும், எலும்புக்கும் தசைநாணுக்கும் அவகாசம் தருவதற்காகவே அடுத்த கட்டத்துக்குத் தாவாமல் இருங்கள்.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெக்கைக்கு உடல் பழக ஒன்றரை முதல் இரண்டு வாரம் ஆகும். சித்திரை மாதத்துத் திருநெல்வேலியில் ஓடிய வேகத்தை, ஜனவரி மாதச் சென்னையில் ஓடிய வேகத்தோடு ஒப்பிடுவதில் எந்த நியாயமும் இல்லை. அந்தச் செயலியின் நினைவூட்டலை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதுவே முக்கியம். நாற்பதைக் கடந்த பெண், பல மாதங்கள் இரவில் எழுந்து நோயாளியைப் பார்த்துக்கொண்டவர், மூன்று கிலோமீட்டரில் மூச்சு வாங்குகிறது, காலையில் எழ மனமில்லை: இதை மனத்தின் குறை என்று முடிவுகட்டுமுன் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின், முடிந்தால் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, சர்க்கரை ஆகியவை போதும். மாதவிலக்கில் அதிக இரத்தப்போக்கு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவைச் ‘சோம்பல்’ என்று பெயரிட்டுப் பல ஆண்டு சுமந்து திரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பதில் 3: நாஞ்சில் அக்கா

அன்புத் தங்கைக்கு. மேலே எழுதிய இருவரும் நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ‘காபியைக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டிவிடுங்கள்’ என்று எழுதியவர், வாசலைத் தாண்டிய பிறகும் பெண்ணின் மனம் வீட்டுக்குள்ளேயே நிற்கும் என்பதை அறியாதவராக இருக்க வேண்டும். ஒருமுறை விழுந்த அம்மா மறுபடியும் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது; நீங்கள் அதை எழுதவில்லை, அவ்வளவுதான். என் மாமியாருக்கும் இதே முறிவு ஏற்பட்டது என்பதால் சொல்கிறேன். அந்தப் பயம் தீராமல் எந்தத் திட்டமும் மூன்றாம் நாளைத் தாண்டாது.

முதலில் அம்மாவிடம் பேசுங்கள். எந்நேரமும் மகளின் கண்காணிப்பில் இருப்பது அவருக்கும் சலிப்பாக இருக்கலாம். நீங்கள் வெளியே இருக்கும் நேரத்தில் அவர் குளியலறைக்குப் போகாதபடி, போவதற்கு முன்பே ஒருமுறை அழைத்துச் சென்று வந்துவிடுங்கள். குளியலறைச் சுவரில் கைப்பிடியும் தரையில் வழுக்காத விரிப்பும் கட்டாயம் வேண்டும். கைப்பேசி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகு நாற்பது நிமிடம் போய்வருவதில் தவறேதும் இல்லை.

அடுத்தது, தெருவில் ஓட வேண்டாம், மைதானத்துக்குப் போங்கள். பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானமும் அண்ணா விளையாட்டரங்கமும் இருக்கும்போது தேநீர்க் கடைப் பெரியவருக்கு ஏன் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்? மைதானத்தில் நடப்பவர்கள் நான்கு நாள் தொடர்ந்து பார்த்துவிட்டால், ஐந்தாம் நாள் வராதபோது ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். உங்கள் சென்னைக் குழு செய்த வேலையில் பாதியை அவர்களே செய்துவிடுவார்கள். தெருவில் நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, நாயைப் பார்த்தபடி மெல்ல நடந்து விலகுங்கள். ஓடினால் அது விடாது. கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்; சிறு கீறல்தானே என்று விடக்கூடாது.

மாலையில் ஓடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். வங்கியில் கணக்கு முடிந்து கிளம்பும் நேரம் உங்கள் கையில் இல்லை. ஆனால் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் உங்களுக்கு விடுமுறை. உங்கள் கணவரும் அப்போது வீட்டில் இருப்பார். அந்த இரண்டு காலைகளையும் முழுதாக உங்களுக்கென்று வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு இட்லி ஊற்றும் பொறுப்பு அவருடையது.

பதில் 4: முத்துநகர் ஓட்டம்

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். போட்டி குறித்து ‘நெடுஞ்சாலை’ அவர்கள் சொன்னதிலிருந்து மாறுபடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பகுதியில் பெய்த மழையை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ரோச் பூங்கா பக்கம் ஓடிக்கொண்டிருந்த எங்கள் சிறு குழு அத்துடன் கலைந்தது. தண்ணீர் வடியாத தெருக்களில் ஓட வழியில்லை என்பது முதல் சில வாரங்களுக்குப் பொருந்தும். சாலை காய்ந்த பிறகும் யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மெத்தையையும் அரிசி மூட்டையையும் தெருவில் போட்டு உலர்த்திக்கொண்டிருக்கும்போது அவரைக் கடந்து வண்ணச் சட்டையுடன் ஓடுவது எங்களுக்கே ஒவ்வாததாகத் தோன்றியது. உங்கள் கேள்வியைப் படித்தபோது, அம்மா வலியோடு இருந்த வீட்டிலிருந்து ஓடப் போவதற்கு உங்களுக்கும் அப்படியொரு தயக்கம் இருந்து, அது இன்னும் மிச்சமிருக்கிறதோ என்று எண்ணினேன்.

நாங்கள் மீண்டும் கூடியது ஞாயிற்றுக்கிழமையில் மட்டும். ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. முத்துநகர் கடற்கரைக்கு வந்து நடந்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று அழைத்தோம். வேகமாக ஓடுபவர்கள் குழுவுக்குக் கடைசியாகத்தான் திரும்பினார்கள். மெதுவாக ஓடுபவர்களே முதலில் வந்தார்கள். பிறகு அனைவரும் சேர்ந்து ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பதிவு செய்தோம். நேரத்தைக் குறிக்க வேண்டாம், ஒன்றாக முடிக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை. அந்தப் பதிவு எங்களுக்கு உதவியது. ஆகவே பதிவு செய்யலாம். பழைய தூரத்துக்கு வேண்டாம், தனியாகவும் வேண்டாம். பாளையங்கோட்டையிலிருந்து இங்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். ஒரு ஞாயிறு குடும்பத்தோடு வாருங்கள்.

கடற்கரைக்காரி:

அனைவருக்கும் நன்றி. இரண்டு செய்திகளைத் தெரிவிக்க வேண்டும்.

மதுரை மருத்துவர் சொன்னபடி பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் 9.4 என்று குறைவாக வந்திருக்கிறது. தைராய்டும் சர்க்கரையும் சரியாக உள்ளன. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, அதிக இரத்தப்போக்குக்காக ஸ்கேன் எடுக்கவும் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள்களாக நான் என் மனத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாஞ்சில் அக்கா சொன்னபடி அம்மாவிடமும் பேசினேன். “நீ போனாத்தான் நான் நிம்மதியா சுப்ரபாதம் கேப்பேன், வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு ‘மெதுவா, மெதுவா’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கே” என்றார். கைப்பிடி பொருத்த ஆள் நாளை வருகிறார். முத்துநகர் நண்பர் குறிப்பிட்ட தயக்கம் எனக்கும் இருந்தது உண்மைதான். அம்மாவின் இந்தப் பதிலுக்குப் பிறகு அது பெருமளவு குறைந்துவிட்டது.

மதுரை மருத்துவரிடம் ஒரு கேள்வி: மாத்திரை எடுத்துக்கொள்ளும் காலத்தில் ஓடலாமா, அல்லது ஹீமோகுளோபின் ஏறும்வரை நிறுத்திவைக்க வேண்டுமா?

மதுரை இயன்முறை:

நேரில் பார்த்த மருத்துவரின் சொல்லே இதில் முடிவானது, அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக, 9.4 என்ற அளவில் படபடப்போ தலைச்சுற்றலோ இல்லையென்றால் நடப்பதற்குத் தடை சொல்வதில்லை. ஓட்டத்தை இப்போதைக்கு ஒத்திவைத்து, பேச முடியும் வேகத்தில் மைதானத்தைச் சுற்றி இருபது, முப்பது நிமிடம் நடந்து வாருங்கள். நேரமும் பாதையும் பழக அது போதும். ஓட வேண்டிய கட்டம் வரும்போது புதிதாக எதையும் ஏற்பாடு செய்ய வேண்டியிராது. மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் மூன்று, நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கியிருக்கும். அப்போது மறுபரிசோதனை செய்துவிட்டு 60 விநாடி ஓட்டத்தைச் சேர்க்கலாம். அளவு இயல்புக்கு வந்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப அதன்பிறகும் சுமார் மூன்று மாதங்கள் தொடரச் சொல்வார்கள்.

காபி, தேநீரோடு மாத்திரையைச் சேர்க்கக் கூடாது. இரும்பு உடலில் சேர்வதை அவை குறைத்துவிடும். அம்மாவுக்குக் காபி கொடுக்கும்போது நீங்கள் எலுமிச்சைச் சாற்றுடன் மாத்திரையை விழுங்கிவிட்டு மைதானத்துக்குக் கிளம்புங்கள். உங்கள் காபி திரும்பி வந்து, குளித்து முடித்த பிறகு. வெறும் வயிற்றில் குமட்டினால் நேரத்தை மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.